பதினெட்டுக் கோடியும் பழைய பாக்கியும்

2025 ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை இரவு. சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் 20 ஓவர் முழுக்க ஆடி 9 விக்கெட்டுக்கு 103 எடுத்தது. கொல்கத்தா அதை 10.1 ஓவரில் முடித்துவிட்டது. பறக்கும் ரயிலில் பார்க் டவுன் வந்து, அங்கிருந்து பார்க் நிலையத்துக்கு நடந்து, செங்கல்பட்டு வண்டியைப் பிடித்தேன். பெட்டி முழுக்க மஞ்சள் சட்டை. பாதிப் பேர் பொத்தேரியில் இறங்கப்போகிற கல்லூரிப் பிள்ளைகள். தாம்பரம் வரை யாரும் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு ஒரு பையன் ஆரம்பித்தான்: “ருதுராஜுக்குப் பதினெட்டுக் கோடி சார். அஞ்சு மேட்ச். 122 ரன். அவ்ளோ காசு குடுத்திருக்கவே கூடாது.” எதிரில் இருந்தவன் மறுத்தான்: “காயம்டா. அவன் என்ன பண்ணுவான்?” முழங்கை எலும்பு முறிவால் ருதுராஜ் கெய்க்வாட் அந்தப் பருவத்தில் இனி ஆடமாட்டார் என்ற செய்தி முந்தின நாள்தான் வந்திருந்தது. கூடுவாஞ்சேரி தாண்டியும் வாக்குவாதம் ஓயவில்லை.

அந்தக் கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. ஓர் அணி தன் தலைவனுக்குக் கொடுத்த விலை கூடுதலா, சரியா? இதை எந்தக் கோலால் அளப்பது? அன்றிலிருந்து 2008 முதல் 2025 டிசம்பர் ஏலம் வரையிலான விலைகளை எடுத்துவைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஐபிஎல்லில் ரூபாயை ரூபாயாகப் பார்த்தால் எதுவும் புரியாது. 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடிக்கு விற்றது. அந்த வருமானத்தில் எல்லா அணிகளுக்கும் பங்கு உண்டு. 18 கோடி கொடுப்பதால் எந்த அணியும் ஓட்டாண்டி ஆகிவிடாது. தட்டுப்பாடு பணத்தில் இல்லை, வரம்பில் இருக்கிறது. 2025 பருவத்துக்கு ஓர் அணி வீரர்களைத் தக்கவைக்கவும் ஏலத்தில் எடுக்கவும் செலவிடக்கூடிய உச்சம் 120 கோடி. அதற்குள் 25 பேர் வரை எடுக்கலாம். ஒருவருக்குக் கூட்டிக் கொடுத்தால் இன்னொருவரிடமிருந்துதான் அதை எடுத்தாக வேண்டும். ஆகவே தலைவனின் விலையை அளக்கும் கோல், மொத்த வரம்பில் அவர் எடுத்துக்கொள்ளும் விழுக்காடு.

அந்தக் கோலை வைத்துத் தோனியிலிருந்து தொடங்குகிறேன். 2008 பிப்ரவரி 20, மும்பையில் முதல் ஏலம். மகேந்திர சிங் தோனியைச் சென்னை 15 லட்சம் டாலருக்கு, அன்றைய மதிப்பில் சுமார் 6 கோடிக்கு, எடுத்தது. அன்றைய வரம்பு 50 லட்சம் டாலர். அதில் 30 விழுக்காடு ஒரே ஆளுக்கு! அந்த ஏலத்தின் மிக உயர்ந்த விலையும் அதுதான். சுரேஷ் ரெய்னா 6.5 லட்சம், முரளிதரன் 6 லட்சம், மேத்யூ ஹேடன் 3.75 லட்சம், மைக் ஹஸ்ஸி 3.5 லட்சம் டாலர். ஹேடனைப் போல் நான்கு பேரை வாங்கும் விலையில் தோனி ஒருவர் வந்தார்.

எதிரில் நின்று விலையை ஏற்றியது மும்பை. அவர்கள் ஏன் நிறுத்தினார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மும்பைக்குச் சச்சின் ‘ஐகான்’ வீரர். ஐகான் வீரருக்கு அந்த அணியில் அதிக விலைக்கு வாங்கப்பட்டவரைவிட 15 விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டும் என்பது விதி. தோனியை 15 லட்சத்துக்கு எடுத்தால் சச்சினுக்கு 17.25 லட்சம். இரண்டும் சேர்ந்தால் 32.25 லட்சம் டாலர், அதாவது வரம்பில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. சென்னைக்கு ஐகான் வீரர் கிடையாது. தமிழ்நாட்டின் பழைய தொடக்க ஆட்டக்காரர் வி.பி. சந்திரசேகர்தான் அன்று சென்னையின் ஏல வியூகத்தைக் கவனித்தவர். எல்லோரும் ஐகான் இல்லாததைக் குறையாகப் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த வெற்றிடத்தில்தான் தோனிக்கு இடமிருக்கிறது என்று அவர் கண்டார். 2019இல் அவர் மறைந்தபோது, சென்னையின் மஞ்சள் சட்டைக்கு உருவம் கொடுத்தவர்களில் ஒருவர் போய்விட்டார் என்றே எனக்குத் தோன்றியது. அவருக்கு உரிய பெயரை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

30 விழுக்காடு கூடுதலா? 2008இல் இறுதிப் போட்டி, 2010இலும் 2011இலும் கோப்பை. இதில் வாதாட எதுவுமில்லை. ஆனால் அதன் பிறகு நடந்ததை அதிகம் பேர் கவனிப்பதில்லை. தோனியின் பங்கு இறங்கிக்கொண்டே வந்தது. 2011இல் தக்கவைப்பு விலை 18 லட்சம் டாலர், வரம்பு 90 லட்சம்: 20 விழுக்காடு. 2014இல் 60 கோடியில் 12.5 கோடி: ஏறத்தாழ 21. 2018இல் 80 கோடியில் 15 கோடி: 19க்குக் கொஞ்சம் கீழே. 2022இல் 90 கோடியில் 12 கோடி: 13. அந்த முறை முதலிடத்து விலையான 16 கோடி ரவீந்திர ஜடேஜாவுக்குப் போனது. 2025இல் 120 கோடியில் 4 கோடி: 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஐந்து ஆண்டுகளாகச் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்திய வீரரை, நாட்டுக்கு ஆடாத வீரருக்குச் சமமாகக் கருதலாம் என்ற பழைய விதி அந்த ஆண்டு திரும்ப வந்ததால்தான் அந்த 4 கோடி சாத்தியமானது.

பதினேழு ஆண்டுகளில் 30இலிருந்து 3க்கு. இதை அடிக்கோடிடக் காரணம் இருக்கிறது. தலைவன் மலிவாகிக்கொண்டே வந்தால் அணி அந்த மலிவுக்குப் பழகிவிடும். அடுத்த தலைவனை உருவாக்கச் செலவிட வேண்டிய காலம், உருவாக்காமலே கழிந்துபோகும்.

அமெரிக்காவில் இதே கேள்வியை ஆண்டு முழுவதும் கேட்கிறார்கள். அவர்களுடைய கால்பந்தில் குவாட்டர்பேக் என்று ஓர் இடம் உண்டு. அநேகமாக ஒவ்வொரு நகர்வின் துவக்கத்திலும் பந்து அவர் கைக்கு வந்து, அவர் முடிவெடுத்த பிறகே நகரும். அங்கேயும் ஊதிய வரம்பு உண்டு. 1994 பருவத்தில் ஸ்டீவ் யங் வரம்பில் சுமார் 13 விழுக்காட்டை எடுத்துக்கொண்டு கோப்பை வென்றார். அதைவிடக் கூடுதல் பங்கு வாங்கிய குவாட்டர்பேக் ஒருவர் கோப்பை வெல்ல 2022 பருவம் வரை, சுமார் 17 விழுக்காட்டில் பாட்ரிக் மஹோம்ஸ் வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. 2024இல் டல்லஸ் அணி டாக் பிரெஸ்காட்டுக்கு நான்கு ஆண்டுக்கு 24 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. அதே பருவத்தில் அவர் தொடைத் தசைக் காயத்தோடு வெளியேறினார்.

எனக்கு நெருக்கமாகப் படுவது சான் பிரான்சிஸ்கோவின் பிராக் பர்டி கதை. 2022 புதுமுக வீரர் தேர்வில் 262ஆவது ஆளாக, கடைசி ஆளாக, எடுக்கப்பட்டவர். ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கும் குறைவான சம்பளத்தில் அணியை 2024 பிப்ரவரியில் இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார். அவர் மலிவாக இருந்ததால் மிஞ்சிய பணத்தில் அணி மற்ற இடங்களுக்குப் பெரிய ஆட்களை வைத்திருந்தது. 2025 மே மாதம் அவருக்கு ஐந்து ஆண்டுக்கு 26.5 கோடி டாலர் ஒப்பந்தம். ‘கூடுதல்’ என்று கூச்சல் எழுந்தது. அது வருங்காலத்துக்கான விலையா, கடந்தகாலத்தின் பாக்கியா என்று பிரித்துப் பார்க்கப் பலரும் மெனக்கெடவில்லை.

ருதுராஜின் கணக்கும் எழுத்துக்கு எழுத்து இதுதான்.

2018 டிசம்பர் ஏலத்தில் அடிப்படை விலையான 20 லட்சத்துக்குச் சென்னை அவரை எடுத்தது. 2021 பருவத்தில் அதே 20 லட்சத்துக்கு அவர் 635 ரன் அடித்து ஆரஞ்சுத் தொப்பி வாங்கினார். மறுமுனையில் பாப் டு பிளெஸ்ஸி 633 ரன், விலை 1.6 கோடி. இரண்டு தொடக்க ஆட்டக்காரர்களும் சேர்ந்து 1,268 ரன். இருவருக்கும் சேர்த்து அணி கொடுத்தது 1.8 கோடி! அந்த ஆண்டு தோனியின் விலை 15 கோடி, அவர் அடித்தது 114 ரன். நான் தோனியைக் குறைத்துச் சொல்லவில்லை. டெல்லிக்கு எதிரான தகுதிச் சுற்றில் ஆறு பந்தில் 18 எடுத்து முடித்துவைத்ததை என் கண்ணால் பார்த்தவன். ஆனால் தோனிக்கு 15 கோடி கொடுத்தும் அந்த அணி தாங்கியது என்றால், மேலே இரண்டு பேர் 1.8 கோடியில் மலையைச் சுமந்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் காரணம். கிருஷ்ணப்பா கௌதமுக்கு 9.25 கோடி கொடுத்து ஓர் ஆட்டம்கூட ஆடவைக்காமல் கோப்பை வெல்ல முடிந்ததும் அதனால்தான்.

முன்னும் பின்னும் பாருங்கள். 2018 கோப்பையில் அம்பத்தி ராயுடு 2.2 கோடிக்கு 602 ரன். ஷேன் வாட்சன் 4 கோடிக்கு 555 ரன், இறுதிப் போட்டியில் சதம். 2023இல் டெவன் கான்வே 1 கோடிக்கு 672 ரன். அஜிங்க்ய ரஹானே 50 லட்சம். துஷார் தேஷ்பாண்டே 20 லட்சத்துக்கு 21 விக்கெட். மதீஷ பதிரண அதே 20 லட்சத்துக்கு 19 விக்கெட். அதே ஆண்டில் 16.25 கோடிக்கு வந்த பென் ஸ்டோக்ஸ் இரண்டு ஆட்டத்தில் 15 ரன் எடுத்து, ஒரே ஓவர் வீசி, மீதிப் பருவம் வெளியே உட்கார்ந்திருந்தார். அடுத்த தலைவர் அவர்தான் என்று அப்போது பலரும் எழுதினார்கள். அதிகமாகக் கொடுத்த விலை என்று நான் சந்தேகமின்றிச் சொல்வது இதைத்தான். இருந்தும் கோப்பை வந்தது. பள்ளத்தை நிரப்பியது 20 லட்சத்து வீரர்கள்.

எங்கள் கடற்கரையில் ஏலம் புதிய விஷயம் இல்லை. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் படகு கரையேறியதும் மீனை மணலில் கொட்டிக் கூறு கூறாக ஏலம் விடுவார்கள். எடுக்கிற அம்மாக்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், வயிற்றை அமுக்கிப் பார்ப்பார்கள். அந்த வஞ்சிரம் மதியத்துக்குள் சந்தையில் என்ன விலை போகும் என்பது அவர்களுக்கு மனக்கணக்கு. கொஞ்சம் ஏற்றி எடுத்துவிட்டால் அன்று சாயங்காலமே தெரிந்துவிடும், மறுநாள் திருத்திக்கொள்வார்கள். வீரர்கள் ஏலத்தில் செவுளைத் தூக்கிப் பார்க்க வழியில்லை. அடுத்த மூன்று ஆண்டில் ஒருவர் என்ன செய்வார் என்பதைப் பத்து மேசைகளும் ஊகிக்கின்றன. அந்தப் பத்து ஊகங்களில் எது உச்சமோ அந்த மேசைக்கே ஆள் போவார். எல்லோரையும்விட அதிகம் நம்பியவரே ஜெயிக்கிறார், ஆகவே தப்பாக நம்பியிருக்கும் வாய்ப்பும் அவருக்கே அதிகம். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் நிலங்களை ஏலம் எடுத்த நிறுவனங்கள் ஏன் நட்டப்பட்டன என்று 1971இல் அட்லான்டிக் ரிச்ஃபீல்டு நிறுவனத்தின் மூன்று பொறியாளர்கள் எழுதிக் காட்டிய உண்மை இது.

2025க்கான பெரிய ஏலம் இதற்குச் சாட்சி. லக்னோ ரிஷப் பந்தை 27 கோடிக்கு எடுத்தது, வரம்பில் 22.5 விழுக்காடு. அவர் 269 ரன் எடுத்தார், அதில் 118 கடைசி ஆட்டத்தில் வந்தது. அணி ஏழாம் இடம். பஞ்சாப் ஷ்ரேயாஸ் ஐயருக்கு 26.75 கோடி கொடுத்தது. அவர் 604 ரன் அடித்து அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார். ஏறக்குறைய ஒரே விலை, நேரெதிர் விளைவு. கோப்பையைத் தூக்கிய பெங்களூருவின் தலைவர் ரஜத் பட்டிதாரின் விலை 11 கோடி, 9 விழுக்காடு. கொல்கத்தாவின் தலைவர் ரஹானே 1.5 கோடிக்கு வந்தவர், அந்த அணி எட்டாம் இடம். விலைக்கும் இடத்துக்கும் நேர்க்கோடு போட்டுக் காட்ட யாராலும் முடியாது.

இந்த வரிசையில் ருதுராஜின் 18 கோடி 15 விழுக்காடு. அந்த ஆண்டின் பத்துத் தலைவர்களில் ரிஷப் பந்துக்கும் ஷ்ரேயாஸுக்கும் அடுத்தபடியாக, சஞ்சு சாம்சனுக்கும் பாட் கம்மின்ஸுக்கும் சமமாக நின்றார். சந்தை விலை. ஏலத்தில் யாரும் ஏற்றிவிட்டதுமில்லை. அது தக்கவைப்புக்கான முதல் படியின் நிர்ணய விலை. 2021இல் 635, 2023இல் 590, 2024இல் 583 ரன் எடுத்தவர். இந்த மூன்று பருவங்களுக்கும் சேர்த்து அவர் வாங்கியது 12.2 கோடி. எனவே 18 கோடியை நான் கூடுதல் என்று சொல்லமாட்டேன்.

ஆனாலும் அணி 2025இல் 14 ஆட்டத்தில் 4 மட்டும் வென்று, தன் வரலாற்றில் முதல் முறையாகக் கடைசி இடத்தில் முடிந்தது. சேப்பாக்கத்தில் தொடர்ந்து ஐந்து தோல்வி. 2008க்குப் பிறகு பெங்களூரு அந்த மைதானத்தில் வென்றதே இல்லை என்ற பெருமையும் மார்ச் 28ஆம் தேதி போனது. பணம் வேறெங்கோ தப்பாகப் போயிருக்க வேண்டும் அல்லவா?

என் கணக்கில் விடை இதுதான்: எல்லாப் பாக்கியும் ஒரே நாளில் கேட்டு வந்தது. ருதுராஜ் 6 கோடியிலிருந்து 18. சிவம் துபே 4இலிருந்து 12. பதிரண 20 லட்சத்திலிருந்து 13 கோடி. 10.2 கோடிக்கு ஆடிக்கொண்டிருந்த மூன்று பேர் ஒரே கையெழுத்தில் 43 கோடி ஆனார்கள். ஜடேஜாவின் 18, தோனியின் 4 சேர்ந்தால் 65 கோடி. மிச்சம் 55 கோடியில் மீதி அணி முழுவதையும் கட்ட வேண்டும். மூன்று பேரும் தங்கள் விலைக்குத் தகுதியானவர்களே. தவறு, அவர்கள் விட்டுச்சென்ற மலிவான இடங்களில் அடுத்த வரிசை இல்லாமல் போனதில். 2021இல் டு பிளெஸ்ஸியும் ருதுராஜும் நின்ற இடத்தில் 2025இல் ராகுல் திரிபாதி 3.4 கோடிக்கு ஐந்து ஆட்டத்தில் 55 ரன் எடுத்தார். ருதுராஜையே மூன்றாம் இடத்துக்கு இறக்கிவிட்டார்கள். தொடக்கத்தில் நின்றே பெயர் வாங்கியவரை, முதல் விலை கொடுத்த பிறகு இடம் மாற்றியதை இன்றைக்கும் என்னால் ஏற்க முடியவில்லை. அஸ்வின் திரும்பி வந்ததில் எனக்கும் மனம் நெகிழ்ந்தது. ஆனால் 38 வயதில் 9.75 கோடி என்பது பாசத்தின் விலை. ஏலத்தில் நன்றாக வாங்கியது 10 கோடிக்கு 24 விக்கெட் எடுத்த நூர் அகமது ஒருவரைத்தான்.

ருதுராஜின் முழங்கையில் பட்ட பந்து குவஹாத்தியில் ராஜஸ்தானுக்காகத் துஷார் தேஷ்பாண்டே வீசியது. 2023இல் சென்னைக்கு 20 லட்சத்தில் 21 விக்கெட் எடுத்துக் கொடுத்த அதே துஷார், அதற்குள் 6.5 கோடி வீரராகியிருந்தார். தற்செயல்தான். ஆனாலும் அந்தப் பந்து நினைவுக்கு வரும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

இங்கே குவாட்டர்பேக் ஒப்புமை உதவாத ஓர் இடம் இருக்கிறது. கிரிக்கெட் தலைவன் கையில் எல்லாப் பந்தும் வருவதில்லை. அவர் முதல் ஓவரில் ஆட்டமிழந்தால் 19 ஓவர் வெளியே உட்கார்ந்திருப்பார். தோனி விக்கெட் கீப்பர் என்பதால் பந்துவீச்சின் ஒவ்வொரு பந்தும் அவர் கண்முன்னால் முடிந்தது. அதனால்தான் 30 விழுக்காடு அவருக்குப் பொருந்தியது. கீப்பரல்லாத தலைவருக்கு அதே தர்க்கத்தில் ‘தலைமைக்கு’ என்று தனியாகக் கொட்டிக் கொடுக்க முடியாது. 2022இல் 16 கோடி ஜடேஜா தலைவராக எட்டு ஆட்டம் நின்று, இரண்டில் வென்று, பொறுப்பைத் தோனியிடமே திருப்பிக் கொடுத்தார். ஆட்டக்காரர் என்ற முறையில் அந்த 16 கோடிக்கு அவர் தகுதியானவர். மறு ஆண்டு இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்தில் 6, 4 அடித்தவரும் அவரே. தலைமை அந்த விலையோடு சேர்ந்து வரவில்லை, அவ்வளவுதான்.

2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனை 18 கோடிக்கு வாங்கினார்கள். கீப்பர், தொடக்க ஆட்டக்காரர், ஏற்கெனவே தலைவராக இருந்தவர். மேலே சொன்ன தர்க்கத்துக்குப் பொருந்துகிற ஆள். ஜடேஜா போனது வலித்தது. பொத்தேரி டீக்கடையில் அன்று இரவு யாரும் அதைக் கணக்காகப் பேசவில்லை, வீட்டில் ஒருவர் ஊர் மாறிப்போனதாகத்தான் பேசினார்கள். ஆனால் வரம்புக் கோலில் அது நியாயமான மாற்று. பதிரணவையும் விடுவித்தார்கள், அவரை டிசம்பர் ஏலத்தில் கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்தது.

அதே ஏலத்தில் சென்னை செய்ததுதான் பலரைத் திகைக்க வைத்தது. நாட்டுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா ஆகிய இருவருக்கும் தலா 14.2 கோடி. அடிப்படை விலை 30 லட்சம். ரயிலில் அன்று பேசிய பையனை டீக்கடையில் பார்த்தேன். “சார், ருதுராஜுக்கே அதிகம்னேன், இப்ப இதைப் பாருங்க” என்றான். அவன் கவலை நியாயமானது. இளைஞர்கள் பக்கம் திரும்பியது சரி என்பது என் கட்சி. ஆனால் 20 லட்சத்தில் கண்டெடுக்க வேண்டியவர்களை 28.4 கோடி கொடுத்து வாங்கும் நிலைக்கு வந்தது, நடுவில் தேடாமல் விட்ட ஆண்டுகளின் தண்டம். இந்த இருவரும் விலைக்குப் பழுதில்லாமல் ஆடினாலும், 2021இன் ருதுராஜ் கொடுத்த உபரியை இவர்களால் கொடுக்க முடியாது. உபரி முழுவதையும் விலையே முன்கூட்டித் தின்றுவிட்டது.

அவனிடம் ஆயுஷ் மாத்ரேயை நினைவூட்டினேன். ருதுராஜின் காயத்தால் 30 லட்சத்துக்கு மாற்றாக வந்த 17 வயதுப் பையன். ஏழு ஆட்டத்தில் 240 ரன், பெங்களூருவுக்கு எதிராக 48 பந்தில் 94. அவரைச் சென்னை தக்கவைத்துக்கொண்டது. மூன்றாண்டுச் சுழற்சிப்படி அவருடைய பாக்கியை 2028 பருவத்துக்கு முன்பு தீர்க்க வேண்டியிருக்கும். “அதுக்குள்ள இன்னொரு முப்பது லட்சத்தைப் புடிச்சு வெச்சுக்கணும் சார்” என்று சொல்லிவிட்டு அவன் வகுப்புக்கு ஓடினான்.